200 மணி நேரம் போதுமா?

இந்த ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் சர்க்கரைப் பொங்கல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பிலாயிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் என் கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார். முகத்தில் பண்டிகைக் களையே இல்லை.

"அத்தான், பொண்ணு பைலட் ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா. படிப்புச் செலவு கிட்டத்தட்ட ஒரு கோடி வரும்போல இருக்கு. மாயவரத்துல அப்பா விட்டுட்டுப் போன மனையை வித்தாத்தான் முடியும். அதுகூடப் போகட்டும். இருநூறு மணி நேரம் பறந்தா லைசென்ஸ் குடுத்துடுவாங்களாம். அதை வெச்சே ஏர்லைன்ஸ்ல வேலையும் குடுப்பாங்களாம். இருநூறு மணி நேரத்துல நமக்கு ஸ்கூட்டரே சரியா ஓட்ட வராதே! அமெரிக்காவுல ஆயிரத்து ஐந்நூறு மணி கேக்கறாங்களாமே? நூத்தெண்பது பேர் உசிரை இவ கையில குடுக்கலாமா? நீங்க இன்ஜினீயர், நீங்க சொல்லுங்க."

நான் டிப்ளமோ படித்துவிட்டு 1982-ல் ரயில்வே டீசல் ஷெட்டில் சேர்ந்தவன். பணியின் கடைசிப் பத்து ஆண்டுகள் பயிற்சிப் பள்ளியில் உதவி டிரைவர்களுக்குப் பாடம் எடுத்தேன். விமானத்தில் பயணியாக ஏறி இறங்கியதோடு சரி. ஆனால் "இவனுக்கு இந்த அனுபவம் போதுமா?" என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. ஒவ்வொரு பேட்ச் பையன்களையும் லைனுக்கு அனுப்பும்போது என் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி அது. ஆகவே மைத்துனருக்கு அவசரப்பட்டுப் பதில் சொல்லாமல் இரண்டு மாத அவகாசம் கேட்டேன். விபத்து விசாரணை அறிக்கைகளையும் விதிகளையும் தேடிப் படித்தேன். நம் சங்கக் குடும்பங்களில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் இந்த ஆசை இருப்பதாகக் கேள்விப்பட்டதால், தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கணக்கு என்ன சொல்கிறது?

நம் நாட்டில் விமானி உரிமங்களை வழங்குவது டி.ஜி.சி.ஏ. என்னும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம். சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டுமானால் கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் தேவை. அதற்கு வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 100 மணி நேரம் விமானத்தின் முழுப் பொறுப்பும் தன்னுடையதாக இருக்கப் பறந்திருக்க வேண்டும். இரவுப் பறத்தல், ஊர் விட்டு ஊர் பறத்தல், கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. கேப்டன் ஆவதற்கு வேண்டிய உரிமம் வேறு; அதற்கு 1500 மணி நேரம் வேண்டும்.

ஆக, 200 மணி நேரக்காரர் வலது பக்க இருக்கையில் உட்காரும் துணை விமானி மட்டுமே. நம் ரயில்வே பாஷையில் சொன்னால் அவர் மெயில் டிரைவர் அல்ல, உதவி டிரைவர். ஒரு வித்தியாசத்தை மறைக்கக் கூடாது. ரயிலில் உதவி டிரைவர் வண்டியை ஓட்டுவதில்லை. விமானத்தில் துணை விமானியும் கேப்டனும் மாற்றி மாற்றி ஓட்டுவார்கள். ஏற்றுவதும் இறக்குவதும் துணை விமானியின் வேலைதான். ஆகவே மைத்துனரின் பயம் வெறும் பயம் அல்ல.

ஐரோப்பாவிலும் ஏறக்குறைய 200 மணி நேரத்தில் துணை விமானியாகச் சேரலாம். அமெரிக்காவில் மட்டும்தான் துணை விமானிக்கே பொதுவாக 1500 மணி நேரம் கேட்கிறார்கள். ராணுவத்தில் விமானம் ஓட்டியவர்களுக்கு 750, அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் விமானப் படிப்பில் பட்டம் பெற்றவர்களுக்கு 1000 என்று சலுகைகள் உண்டு. அங்கேயும் முன்பு 250 மணி நேரம்தான்.

1500 எப்படி வந்தது?

2009 பிப்ரவரி 12 இரவு, நியூவார்க்கிலிருந்து பஃபலோ நகருக்குப் போன ஒரு சிறிய பயணி விமானம், இறங்கும் நேரத்தில் வேகம் குறைந்து ஒரு வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும் வீட்டில் இருந்த ஒருவரும் இறந்தார்கள். வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்தால் கைப்பிடி தானாக அதிர்ந்து எச்சரிக்கும். அப்போது மூக்கைக் கீழே தாழ்த்தி வேகம் பிடிக்க வேண்டும். கேப்டன் நேர்மாறாகக் கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். இறந்தவர்களின் குடும்பத்தினர் ஓயாமல் போராடினார்கள். 2010-ல் சட்டம் வந்தது; 2013-ல் 1500 மணி நேர விதி நடைமுறைக்கு வந்தது.

இதில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த விஷயம் ஒன்று உண்டு. அந்த கேப்டன் 3,300 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானி 2,200-க்கு மேல். 1500 விதி அன்றைக்கே இருந்திருந்தாலும் இருவரும் அதே இருக்கைகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள்! களைப்பு, பயிற்சிக் குறை, பழைய தேர்வுகளில் தவறியது என்று விசாரணையில் பல விஷயங்கள் பேசப்பட்டன. சட்டத்தில் அவற்றுக்கும் இடம் கொடுத்தார்கள். ஆனால் மக்கள் மனதில் நின்றது எண் மட்டும்தான். எண் எளிது. களைப்பை எண்ணிக் காட்ட முடியாது.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவிலும் 2019 மார்ச்சில் எத்தியோப்பியாவிலும் ஒரே ரகமான போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் விழுந்தன. முதலாவதில் 189 பேர், இரண்டாவதில் 157 பேர் இறந்தார்கள். எத்தியோப்பியத் துணை விமானி வெறும் 361 மணி நேரக்காரர் என்று தெரிந்ததும் உலகம் முழுவதும் "பார்த்தீர்களா!" என்றார்கள். ஆனால் இந்தோனேசிய விமானிகள் இருவருமே 5,000 மணி நேரம் தாண்டியவர்கள். ஒரே ஒரு உணர்கருவி தவறான தகவல் தந்தால் விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும்படி ஒரு மென்பொருள் அமைந்திருந்தது. அடிப்படைக் கோளாறு அங்கே இருந்தது. எத்தியோப்பிய விமானத்தில் அந்த மின்சாரத் தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்சை வாய்விட்டு முதலில் சொன்னது அந்த 361 மணி நேரப் பையன்தான் என்கிறது முதல்கட்ட விசாரணை அறிக்கை.

அதற்காக அனுபவம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2009 ஜனவரியில் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த விமானத்தை, ஹட்சன் நதியில் இறக்கி 155 பேரையும் காப்பாற்றிய சலன்பர்கர், 19,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். துணை விமானி ஸ்கைல்ஸ் 15,000 மணி நேரம் தாண்டியவர். ஆனால் அந்த ரக விமானத்துக்கு அவர் புதியவர். அதில் 40 மணி நேரம்கூட ஆகவில்லை. எஞ்சிய சில நொடிகளில், ஏதாவது யோசனை உண்டா என்று கேப்டன் அவரிடம் கேட்டார். அவரிடம் யோசனை இல்லை. ஆனாலும் கேட்டாரே, அதுதான் பெரிய விஷயம்.

மங்களூரும் என் கதையும்

இதற்கு நேர் எதிரானது நம் நாட்டில் நடந்தது. 2010 மே 22 காலை, துபாயிலிருந்து வந்த போயிங் 737 மங்களூரில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் தப்பினார்கள். கேப்டன் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்தவர். பயணத்தின் பெரும் பகுதியில் அவர் தூங்கியிருந்தார். விமானம் வேண்டிய உயரத்தைவிட மிக மேலே வந்துகொண்டிருந்தது. இறக்க வேண்டாம், மேலே ஏற்றிச் சுற்றி வருவோம் என்று துணை விமானி மூன்று முறை சொன்னதாக விசாரணை அறிக்கை சொல்கிறது. எச்சரிக்கைக் கருவியும் கத்திக்கொண்டிருந்தது. கேப்டன் இறக்கினார்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உண்டு.

1987-ல் ஒரு நாள் இரவு, ஷெட்டில் நான் பழுது பார்த்த டீசல் இன்ஜினைச் சோதிப்பதற்காக ஒரு கூட்ஸ் வண்டியின் கேபினில் ஏறினேன். எந்தப் பிரிவு என்பது வேண்டாம். டிரைவர் 24 வருட சர்வீஸ் போட்டவர். அந்தப் பாதையில் ஒவ்வொரு வளைவும் அவருக்கு அத்துப்படி. உதவி டிரைவர் சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத பையன். டிரைவர் என்னிடம் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். டிஸ்டன்ட் சிக்னல் மஞ்சள். வேகம் குறையவில்லை. ஹோம் சிக்னல் சிவப்பு. நான் பார்த்தேன். பையனும் பார்த்தான். "உஸ்தாத், லால்..." என்று ஒரே ஒரு முறை, அதுவும் இன்ஜின் சத்தத்தில் அவனுக்கே கேட்காத குரலில் சொன்னான். அவன் பக்கத்திலும் எமர்ஜென்சி பிரேக் இருந்தது. கை போனது, திரும்பி வந்தது. நான் நினைத்தேன்: இருபத்து நாலு வருடக்காரருக்குத் தெரியாதா?

தெரியவில்லை. கடைசியில் அவரே பார்த்து பிரேக் அடித்தார். இன்ஜினும் இரண்டு வேகன்களும் சிக்னலைத் தாண்டி நின்றன. எதிரே ஸ்டேஷனில் ஒரு பாசஞ்சர் வண்டி நின்றிருந்தது. யாருக்கும் காயமில்லை. ஆனால் அந்தப் பாசஞ்சரின் கடைசிப் பெட்டியில் எரிந்த விளக்கு இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

விசாரணையில் அதிகாரி என்னைக் கேட்டார்: "நீங்கள் சிவப்பைப் பார்த்தீர்களா?" "பார்த்தேன்." "ஏன் சொல்லவில்லை?" "அவர் சீனியர், சார்." அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

பின்னாளில் பயிற்சிப் பள்ளியில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முதல் நாள் பாடமாக இதைத்தான் சொன்னேன். சிக்னலை இருவரும் உரக்கச் சொல்ல வேண்டும் என்ற விதி தொண்டைப் பயிற்சிக்காக வைத்ததல்ல. ஜூனியரின் கண்ணும் வாயும் பிரேக்கின் ஒரு பகுதி.

அப்படியானால் 200 எப்படிப் போதும்?

200 மணி நேரம் மட்டும் போதாது. போதும் என்று எந்த விமான நிறுவனமும் சொல்வதில்லை. அந்த 200 மணி நேரமும் சிறிய விமானங்களில் பறந்தது. அதற்குப் பிறகு ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற குறிப்பிட்ட ரகத்துக்குத் தனிப் பயிற்சி எடுக்க வேண்டும். அது சிமுலேட்டரில் நடக்கும். நிஜ விமானத்தின் காக்பிட்டை அப்படியே அமைத்து, தூண்களின் மேல் அசையவைத்திருக்கும் இயந்திரம் அது. ஓடுபாதையில் ஓடும்போது இன்ஜின் நிற்பது, இறங்கும்போது காற்று திடீரென்று திசை மாறுவது, புகை வருவது ஆகியவற்றை நிஜ விமானத்தில் பழக முடியாது. பழகினால் உயிர் போகும். சிமுலேட்டரில் ஒரே வாரத்தில் பத்து முறை தவறு செய்து திருந்தலாம்.

பிறகு பயணிகளோடு பறக்கும்போதும் முதலில் பயிற்சி கேப்டனின் பக்கத்தில்தான் உட்காரவேண்டும். அவர் கையெழுத்துப் போட்ட பிறகே மற்ற கேப்டன்களுடன் அனுப்புவார்கள். அனுபவம் குறைந்த இருவரை ஒன்றாக அனுப்புவதில்லை. மழைக்காலத்திலும் சிக்கலான ஓடுபாதைகளிலும் புதியவர்களுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. நம் டிரைவர்கள் புதுப் பாதையில் போகுமுன் இரவும் பகலுமாக 'ரோடு லேர்னிங்' போவார்களே, அது போலத்தான்.

அமெரிக்காவைப் போல நாமும் 1500 கேட்கலாமே என்று தோன்றும். அங்கே பையன்கள் சிறு விமானப் பள்ளிகளில் ஆசிரியராகவும், வயலுக்கு மருந்து தெளித்தும், விளம்பரத் துணியை வானில் இழுத்துச் சென்றும் மணிக்கணக்கைச் சேர்க்கிறார்கள். நம் நாட்டில் அப்படிச் சிறு விமான வேலைகள் மிகக் குறைவு. இங்கே 1500 என்று விதித்தால் பணக்காரப் பிள்ளைகள் காசைக் கொட்டிப் பறப்பார்கள், மற்றவர்கள் நின்றுவிடுவார்கள். மேலும், நல்ல வெயிலில் ஒரே ஊரைச் சுற்றிச் சுற்றி வந்த ஆயிரம் மணி நேரம், ஒரே மணி நேரத்தை ஆயிரம் முறை பறந்ததற்குச் சமம்.

எண்ணை மட்டும் பார்த்தால் வரும் இன்னொரு ஆபத்தையும் நாம் 2011-ல் பார்த்தோம். போலி மதிப்பெண் சான்றிதழ் கொடுத்து உரிமம் வாங்கிய சில விமானிகள் அந்த ஆண்டு கைதானார்கள். வடக்கே பறக்காமலே பறந்ததாக லாக் புக்கில் மணி நேரம் எழுதிக்கொடுத்த கதையும் வெளியே வந்தது. எண்ணைத் திருடலாம்; கையில் இருக்கவேண்டிய பழக்கத்தை யாரும் எழுதிக்கொடுக்க முடியாது.

பெற்றோர் கவனத்துக்கு

உயிர் பற்றிய கேள்விக்குப் பதில் சொல்லியாயிற்று. மனை பற்றிய கேள்வி மிச்சம். மைத்துனரிடம் நான் சொன்னவை இவைதான்.

முதலாவது, பணம் கட்டுமுன் மருத்துவப் பரிசோதனை. கமர்ஷியல் உரிமத்துக்கு 'கிளாஸ் ஒன்' தகுதி வேண்டும். அது கிடைக்கும் என்று உறுதியான பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டாவது, பள்ளியை நேரில் போய்ப் பாருங்கள். நம் நாக்பூரிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்தில் உள்ள கோந்தியாவில் ஒரு பயிற்சிப் பள்ளி இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் ஃபுர்சத்கஞ்சில் மத்திய அரசின் அகாடமி இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். பறக்கும் நிலையில் எத்தனை விமானங்கள், ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள், போன வருடப் பிள்ளைகள் 200 மணி நேரத்தை எத்தனை மாதத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். விமானமோ ஆசிரியரோ இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. முழுப் பணத்தையும் ஒரே தவணையில் கட்டாதீர்கள்.

மூன்றாவது, லைசென்ஸ் என்பது நியமன உத்தரவு அல்ல. விமானக் கம்பெனிகள் தனியாக எழுத்துத் தேர்வு, மனத்திறன் சோதனை, சிமுலேட்டர் சோதனை, நேர்முகம் எல்லாம் வைக்கின்றன. குறிப்பிட்ட ரகத்துக்கான பயிற்சிச் செலவு படிப்புக் கட்டணத்தில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அது தனி.

நான்காவது, வேலை வாய்ப்பு அலை போல வந்து போவது. கிங்ஃபிஷர் 2012-ல் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்தில் நின்றது. ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ளவர்கள் வேலை தேடி வெளியே வந்தார்கள். அப்போது 200 மணி நேரக்காரர் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவார். காத்திருக்கும் காலத்திலும் உரிமத்தை உயிரோடு வைத்திருக்கச் செலவு உண்டு. இரண்டு வருடம் வேலை இல்லாமல் குடும்பம் தாங்குமா என்று கணக்குப் போட்டுவிட்டுத்தான் மனையைத் தொடவேண்டும்.

பெண் பிள்ளை என்று தயங்குவோருக்கு ஒரு வார்த்தை. இந்திய விமானிகளில் பத்தில் ஒருவருக்கு மேல் பெண்கள். உலகச் சராசரியைவிட இது மிக அதிகம்.

சென்ற வாரம் மைத்துனரும் மகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று. மனையை விற்கவில்லை, அதை வைத்து வங்கிக் கடன் விசாரிக்கிறார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பெண், என் மனைவி காப்பி எடுத்து வர உள்ளே போன நேரத்தில் மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, அன்னிக்கு நீங்க ஏன் கத்தல?"

"பயம்மா. சிவப்பைப் பார்த்து இல்லை. சீனியரைத் தப்பு சொல்லிடுவோமோன்னு."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கத்துவேன் மாமா" என்றாள். வீட்டில் அப்பாவை எதிர்த்துப் பேசாதே என்று அவளுக்கு நாங்களே பதினெட்டு வருடமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். இனி அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன்.

200 மணி நேரம் போதுமா என்று கேட்டார். ஒழுங்காகப் பறந்த 200 மணி நேரம், நல்ல சிமுலேட்டர், கண்டிப்பான பயிற்சி கேப்டன், சொன்னால் காது கொடுக்கும் சீனியர், சொல்லத் துணிந்த ஜூனியர் இவையெல்லாம் சேர்ந்தால் போதும். அப்படிப்பட்ட விமானத்தில் நான் ஏறுவேன். வலது பக்க இருக்கையில் இவள் இருந்தால் ஜன்னலோரம் கேட்டு வாங்கி ஏறுவேன்.